கர்ப்பப்பை நார்க்கட்டி: சிங்கப்பூரில் சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

ஸ்கேன் அறிக்கையில் ‘ஃபைப்ராய்டு’ என்று எழுதியிருப்பதைக் கண்டதும் பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு அச்சங்கள் எழுகின்றன. இது புற்றுநோயாக இருக்குமோ என்பது ஒன்று. கர்ப்பப்பையை எடுக்கச் சொல்லிவிடுவார்களோ என்பது மற்றொன்று. கர்ப்பப்பைச் சுவரின் தசையிலிருந்தே உருவாகும் இந்த நார்க்கட்டி மிகப் பெரும்பாலோரிடம் தீங்கற்றது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் தூண்டுதலால் வளரும் இது, மாதவிடாய் நின்றபின் பொதுவாகச் சுருங்கத் தொடங்கும். 50 வயதை எட்டுவதற்குள் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோரிடம் சிறிதோ பெரிதோ ஒரு நார்க்கட்டியாவது இருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு எந்தத் தொந்தரவும் ஏற்படுவதில்லை, சிகிச்சையும் தேவைப்படுவதில்லை.

இந்த வழிகாட்டி, சிங்கப்பூரில் வசிக்கும், நார்க்கட்டி இருப்பதாக அண்மையில் தெரிந்துகொண்ட தமிழ்ப் பெண்களுக்காக எழுதப்பட்டது. கட்டி எத்தனை சென்டிமீட்டர் என்பதை மட்டும் வைத்துச் சிகிச்சையை முடிவு செய்யக்கூடாது என்பதே இதில் நான் வலியுறுத்த விரும்பும் செய்தி. அது உங்கள் அன்றாட வாழ்வை எவ்வளவு பாதிக்கிறது, கர்ப்பப்பையின் எந்தப் பகுதியில் இருக்கிறது, இனி குழந்தை பெற விரும்புகிறீர்களா, மாதவிடாய் நிற்கும் வயதை நெருங்கிவிட்டீர்களா என்பவற்றைச் சேர்த்துப் பார்த்த பிறகே சிகிச்சை பற்றிய பேச்சு தொடங்க வேண்டும். உள்குழிவுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் 2 சென்டிமீட்டர் கட்டி ஒரு பெண்ணை ரத்தச்சோகையில் தள்ளிவிடலாம். வெளிப்புறம் வளர்ந்த 6 சென்டிமீட்டர் கட்டியோடு இன்னொருவர் எந்தக் குறையுமின்றி இருக்கலாம்.

முதல் படி: உதிரப்போக்கை எழுதி வையுங்கள்

மருத்துவரைப் பார்ப்பதற்கு முன் இரண்டு அல்லது மூன்று மாதவிடாய்ச் சுழற்சிகளைக் குறித்து வைப்பது மிகுந்த பயன் தரும். எந்தத் தேதியில் தொடங்கியது, எத்தனை நாள் நீடித்தது, ஒரு நாளில் எத்தனை பேட் மாற்றினீர்கள், கட்டிக் கட்டியாக ரத்தம் வந்ததா, இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா, வேலைக்குப் போகாமல் இருந்தீர்களா என்பவற்றைக் கைப்பேசியிலோ நாட்காட்டியிலோ குறியுங்கள். சிறுநீர் அடிக்கடி வருவது, மலச்சிக்கல், அடிவயிற்றுப் பாரம், இடுப்பு வலி, உடலுறவின்போது வலி ஆகியவையும் கட்டி பக்கத்து உறுப்புகளை அழுத்துவதால் வரக்கூடியவை என்பதால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

‘எனக்கு எப்போதும் இப்படித்தான், அம்மாவுக்கும் இப்படித்தான்’ என்று சொல்லிச் சொல்லியே பல ஆண்டுகளை ஓட்டிவிடும் பெண்கள் நம்மிடையே மிகப் பலர். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பேட் நனைவதும், ஏழு நாள்களுக்கு மேல் போக்கு நீடிப்பதும், கறை படும் என்று பயந்து வெளியே போவதைத் தவிர்ப்பதும் பொறுத்துக்கொள்ள வேண்டியவை அல்ல. அம்மாவுக்கும் அப்படி இருந்தது என்பது உண்மையில் ஒரு மருத்துவத் தகவல், ஏனெனில் நார்க்கட்டி குடும்பங்களில் தொடர்ந்து வரக்கூடியது. ஆகவே அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

சில நிலைகளில் குறிப்பெடுத்துக்கொண்டு காத்திருக்கக்கூடாது. தொடர்ந்து சில மணி நேரம் ஒவ்வொரு மணிக்கும் ஒரு பேட் முழுவதும் நனைந்தாலோ, தலை சுற்றி விழப்போவது போல் இருந்தாலோ, நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கினாலோ, திடீரெனத் தாங்க முடியாத வயிற்று வலி வந்தாலோ, சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலோ உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். தனியாக இருந்து மயக்கமும் வந்தால் 995 எண்ணை அழையுங்கள். புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையில் மகளிர் பிரச்சினைகளுக்கென்றே 24 மணி நேரமும் இயங்கும் அவசரப் பிரிவு இருக்கிறது. கருவுற்றிருக்க வாய்ப்பிருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

இரண்டாம் படி: பலதுறை மருந்தகத்தில் தொடங்குங்கள்

அவசரமில்லாத நிலையில், சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) தொடங்குவதே நல்லது. அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்றுப் பொது மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரிடம் சென்றால் அரசாங்கக் கட்டணச் சலுகை கிடைக்கும். நேரடியாகச் சிறப்பு மருத்துவரிடம் முன்பதிவு செய்தால், அது பொது மருத்துவமனையாகவே இருந்தாலும், முழுக் கட்டணம் செலுத்த நேரிடும். சாஸ் எனப்படும் சமூகச் சுகாதார உதவித் திட்ட அட்டை வைத்திருப்போர் அத்திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருந்தகத்திலிருந்தும் சலுகைக்குரிய பரிந்துரையைப் பெறலாம். சலுகையின் அளவு குடும்பத்தினரின் தனிநபர் வருமானத்தைப் பொறுத்து மாறும். நிரந்தரவாசிகளுக்கு அது குடிமக்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. சலுகை நோயாளியாகச் செல்பவர் தமக்கு வேண்டிய மருத்துவரைப் பெயர் சொல்லித் தேர்ந்தெடுக்க முடியாது என்பதையும், அவசரமற்ற முன்பதிவுக்குச் சில காலம் காத்திருக்க வேண்டியிருக்கலாம் என்பதையும் முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்.

அந்தக் காத்திருப்புக் காலத்தை வீணாக்க வேண்டியதில்லை. பலதுறை மருந்தகத்திலேயே ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தச்சோகைக்கும் உதிரப்போக்குக்கும் முதல் கட்ட மருந்துகளைப் பெற முடியும். ‘சிறப்பு மருத்துவரைப் பார்க்கும் வரை என்ன மருந்து எடுத்துக்கொள்ளலாம்?’ என்று கேட்காமல் வெளியே வராதீர்கள். பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும் என்று விரும்பினால் பதிவு செய்யும்போதே தெரிவியுங்கள். ஆங்கிலத்தில் உடல் விவரங்களைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் தமிழ் பேசும் தாதியோ ஊழியரோ உதவ முடியுமா என்று கேட்கலாம். மகனையோ மகளையோ மொழிபெயர்ப்பாளராக உட்கார வைத்தால், சொல்ல வேண்டியதில் பாதி சொல்லப்படாமலே போய்விடும் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: பரிசோதனைகளும் அறிக்கையும்

அடிவயிற்றின் மேல் வைத்துச் செய்யும் அல்ட்ராசவுண்டும், பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டும் பெரும்பாலும் போதுமானவை. இரண்டாவது வகை கர்ப்பப்பையை நெருக்கத்திலிருந்து காட்டுவதால் தெளிவு கூடும்; உடலுறவு அனுபவம் இல்லாதவர்கள் அதை முன்பே சொல்லிவிட்டால் வேறு வழியில் செய்வார்கள். பல கட்டிகள் இருந்தாலோ, கட்டியை மட்டும் அகற்றும் அறுவைக்கோ ரத்தக்குழாய் அடைப்புச் சிகிச்சைக்கோ திட்டமிட்டாலோ எம்ஆர்ஐ ஸ்கேன் கேட்பார்கள். 45 வயதைக் கடந்தவர்களுக்கு உதிரப்போக்கின் போக்கு மாறியிருந்தால், கர்ப்பப்பை உட்படலத்திலிருந்து சிறு திசு எடுத்துச் சோதிப்பது வழக்கம். நார்க்கட்டி இருக்கிறது என்பதாலேயே எல்லா ரத்தப்போக்குக்கும் அதுவே காரணம் என்று கொள்ள முடியாது என்பதால் இந்தச் சோதனையை மறுக்காதீர்கள்.

அறிக்கையில் முதலில் தேட வேண்டியது கட்டியின் இடம். ‘சப்மியூகோசல்’ என்றிருந்தால் கட்டி உள்குழிவை ஒட்டியோ அதற்குள் நீட்டிக்கொண்டோ இருக்கிறது. அதிக உதிரப்போக்குக்கும், கரு தங்காமல் போவதற்கும் இதுவே பெரிதும் காரணமாகிறது. ‘இன்ட்ராமியூரல்’ என்பது தசைச் சுவருக்குள்ளேயே இருப்பது. ‘சப்செரோசல்’ என்பது வெளிப்பக்கம் புடைத்திருப்பது. இது ரத்தப்போக்கைவிட அழுத்தத்தையே அதிகம் தரும். வெளிப்பக்கக் கட்டி ஒரு காம்பில் தொங்கினால், அது முறுக்கிக்கொண்டு திடீர் வலியைத் தரலாம். சில அறிக்கைகளில் 0 முதல் 8 வரை ஓர் எண் இருக்கும்: 0, 1, 2 ஆகியவை உள்குழிவைச் சார்ந்தவை, 3, 4 சுவருக்குள் இருப்பவை, 5 முதல் 7 வரை வெளிப்பக்கத்தைச் சார்ந்தவை, 8 என்பது கருப்பை வாய் போன்ற பிற இடங்களில் இருப்பவை. இந்த எண்ணை மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சிகிச்சை உங்களுக்குப் பொருந்தும், எது பொருந்தாது என்பதைப் பெருமளவு அது சொல்லிவிடும். மருத்துவர்கள் கர்ப்பப்பையின் மொத்த அளவை ‘12 வாரம்’, ‘16 வாரம்’ என்று கர்ப்பகால அளவில் சொல்வதும் உண்டு. அத்தனை வாரக் கருவைச் சுமக்கும் கர்ப்பப்பையின் அளவுக்கு வீங்கியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

நான்காம் படி: ரத்தச்சோகையை முதலில் சரிசெய்யுங்கள்

கட்டிக்கு என்ன சிகிச்சை என்பது முடிவாகும் முன்பே செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதும் இதுதான். கருவுறாத பெண்ணின் ஹீமோகுளோபின் ஒரு டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழ் இருந்தால் அது ரத்தச்சோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் உடலின் இரும்புச் சேமிப்பு தீர்ந்துபோயிருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, முடி கொட்டுவது, எப்போதும் களைப்பு, ஐஸ் கட்டியையோ பச்சை அரிசியையோ தின்னத் தோன்றுவது ஆகியவை வேலைப் பளுவாலும் வயதாலும் வருவதாக எண்ணிப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இரும்புச் சத்து மாத்திரையைத் தேநீர், காப்பி, பால், கால்சிய மாத்திரை ஆகியவற்றோடு சேர்த்து எடுத்தால் உடலில் சேர்வது வெகுவாகக் குறையும். காலையில் தேத்தண்ணீர் குடிக்கும் பழக்கமுடையவர்கள் மாத்திரையை அதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாற்றோடோ ஆரஞ்சுச் சாற்றோடோ எடுக்கலாம். மலம் கறுப்பாவது இயல்பு. மலச்சிக்கலோ குமட்டலோ தாங்க முடியாவிட்டால், மாத்திரையை நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்றோ வேறு வகைக்கு மாறலாமா என்றோ கேளுங்கள். அறுவைக்குத் தேதி நெருங்கிய நிலையில் ரத்தம் மிகக் குறைவாக இருந்தால், ரத்தக்குழாய் வழியாக இரும்புச் சத்து செலுத்தும் வசதியும் மருத்துவமனைகளில் உண்டு. முருங்கைக் கீரையும் பேரீச்சையும் நல்ல உணவுகளே. ஆனால் மாதந்தோறும் இவ்வளவு ரத்தம் வெளியேறும் உடலுக்கு அவை மட்டும் ஈடுகொடுக்க மாட்டா.

ஐந்தாம் படி: சிகிச்சை வழிகளை அறிந்துகொள்ளுங்கள்

தொந்தரவு இல்லையென்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணிப்பதே சரியான சிகிச்சை. மருத்துவர் குறிப்பிடும் இடைவெளியில் ஸ்கேன் செய்து, புதிய அறிகுறி வந்தால் மட்டும் முன்கூட்டியே செல்லலாம். மாதவிடாய் நிற்கும் வயதுக்கு இன்னும் ஓரிரு ஆண்டே உள்ளவர்கள், மருந்துகளின் துணையோடு அந்தக் காலத்தைக் கடந்துவிட முடியுமா என்பதைக் கட்டாயம் பேச வேண்டும்.

மருந்துகளில், ஹார்மோன் இல்லாதவை முதலில் வருகின்றன. டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மாத்திரையைப் போக்கு அதிகமுள்ள நாள்களில் மட்டும் எடுத்தால், ரத்த இழப்பு கணிசமாகக் குறையும். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்த வரலாறு உடையவர்களுக்கு அது ஏற்றதன்று. மெஃபனாமிக் அமிலம் வலியையும் ஓரளவு போக்கையும் குறைக்கும். வயிற்றுப் புண்ணோ ஆஸ்துமாவோ இருந்தால் முன்பே சொல்லுங்கள். இவை கட்டியைச் சுருக்குவதில்லை. கருத்தடை மாத்திரைகளும் நோரெதிஸ்டிரோன் போன்ற புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரைகளும் போக்கைக் கட்டுப்படுத்தும். புகைபிடிக்கும் 35 வயதுக்கு மேற்பட்டோர், உயர் ரத்த அழுத்தம் உடையோர், கண்ணில் ஒளிக்கீற்றுத் தோன்றும் ஒற்றைத் தலைவலி உடையோர் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை பொருந்தாது.

இங்கே நம் பெண்களுக்கென்று ஒன்றைச் சொல்ல வேண்டும். தைப்பூசப் பால்குடத்துக்கும், தீமிதிக்கும், வீட்டுத் திருமணங்களுக்கும் மாதவிடாயைத் தள்ளிப்போடப் பலர் எடுக்கும் மாத்திரை இதே நோரெதிஸ்டிரோன்தான். அதை நிறுத்திய சில நாள்களில் போக்கு திரும்பும். நார்க்கட்டி உடையவர்களுக்கு அது வழக்கத்தைவிடக் கடுமையாக இருக்கலாம். உறவினர் மிச்சம் வைத்த மாத்திரையை வாங்கிப் போடாமல், கட்டி இருப்பதைச் சொல்லி மருத்துவரிடமே கேட்டுப் பெறுங்கள். ரத்தம் குறைந்த நிலையில் நோன்பிருந்து நெடுந்தூரம் நடப்பது பற்றியும் அப்போதே பேசிவிடலாம்.

மிரெனா என்ற ஹார்மோன் வளையம் கர்ப்பப்பைக்குள் பொருத்தப்படுவது. அதிலிருந்து வெளியாகும் மருந்து உட்படலத்தை மெலிதாக்குவதால் சில மாதங்களில் போக்கு மிகவும் குறையும். சிலருக்கு மாதவிடாயே நின்றுவிடும். பொதுவாக ஐந்தாண்டு வரை பயன் தரும். முதல் மூன்று முதல் ஆறு மாதம் வரை அவ்வப்போது கறை படுவது எதிர்பார்க்க வேண்டியதே. உள்குழிவின் வடிவம் கட்டியால் மாறியிருந்தால் வளையம் நழுவி வெளியே வந்துவிடக்கூடும் என்பதால், கட்டியின் எண் 0, 1, 2 என்றிருப்பவர்கள் அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.

லூப்ரோரெலின், கோசெரெலின் போன்ற ஊசிகள் சினைப்பையின் ஹார்மோன் சுரப்பை நிறுத்தி, தற்காலிகமாக மாதவிடாய் நின்ற நிலையை உண்டாக்குகின்றன. கட்டி சுருங்கும், ரத்தச்சோகை குறையும். ஆனால் உடல் சூடு பரவுவது, தூக்கமின்மை, எலும்பு மெலிவு ஆகியவை வருவதால் தனியாக ஆறு மாதத்துக்கு மேல் தருவதில்லை. ஊசியை நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரும். ஆகவே அறுவைக்கு முன் உடலைத் தயார்ப்படுத்தவே இதைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள். இதே வழியில் செயல்படும் ரெலுகோலிக்ஸ் என்ற மருந்தைச் சிறிதளவு ஈஸ்ட்ரோஜனோடும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனோடும் சேர்த்து மாத்திரையாக்கி, நார்க்கட்டியால் வரும் அதிக உதிரப்போக்குக்கு 2021ஆம் ஆண்டு அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் அனுமதித்தன. உங்களுக்கு அது பொருந்துமா என்று சிறப்பு மருத்துவரிடம் கேட்கலாம்.

கர்ப்பப்பையை வைத்துக்கொள்ள விரும்பி, அறுவையையும் தவிர்க்க எண்ணுபவர்களுக்கு, கர்ப்பப்பைக்குச் செல்லும் ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை உண்டு. 1995ஆம் ஆண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இதை நார்க்கட்டிக்கான சிகிச்சையாக வெளியிட்டனர். தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ உள்ள ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, நுண்ணிய துகள்களைக் கொண்டு கட்டிக்குப் போகும் ரத்தத்தைத் தடுப்பார்கள். முதல் நாள் வலி கடுமையாக இருப்பதால் மருத்துவமனையில் ஓரிரவு தங்க நேரிடலாம். ஓரிரு வாரத்தில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பலாம். ஐந்தாண்டுக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கோ சற்று அதிகமானோருக்கோ மீண்டும் ஏதேனும் சிகிச்சை தேவைப்படுவது இதன் குறை. இனி கருவுற விரும்புவோருக்கு இதைப் பொதுவாக முதல் தேர்வாகச் சொல்வதில்லை. சிகிச்சைக்குப் பல நாள் கழித்துக் காய்ச்சலோ துர்நாற்றமுள்ள கசிவோ வந்தால் உடனே மருத்துவமனைக்குத் திரும்ப வேண்டும். ஒலியலைகளைக் குவித்துச் சூட்டால் கட்டியை அழிக்கும் முறையும் உள்ளது. கட்டியின் எண்ணிக்கை, இடம், தன்மை ஆகியவை ஒத்துவருபவர்களுக்கே அது செய்யப்படும்.

கட்டியை மட்டும் அகற்றும் அறுவையில் மூன்று வழிகள் உள்ளன. உள்குழிவில் இருக்கும் கட்டியைப் பிறப்புறுப்பு வழியாகச் சிறு கருவியைச் செலுத்தி அகற்றலாம். வயிற்றில் வெட்டு இல்லை, பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அதிக உதிரப்போக்கோடு 0 அல்லது 1 என்ற எண்ணைப் பெற்றவர்கள் வேறு எதற்கும் இசைவதற்கு முன் இதைக் கேட்க வேண்டும். மற்ற இடங்களில் உள்ள கட்டிகளைச் சிறு துளைகள் வழியாகவோ, அவை பெரியனவாகவோ பலவாகவோ இருந்தால் வயிற்றைத் திறந்தோ அகற்றுவார்கள். ரத்தப்போக்கைக் கட்டுப்படுத்த முடியாத அரிய நிலையில் கர்ப்பப்பையையே எடுக்க நேரிடலாம் என்பதை ஒப்புதல் படிவத்தில் காண்பீர்கள். அதைப் பற்றி முன்பே பேசித் தெளிவு பெறுங்கள். இந்த அறுவைக்குப் பிறகு கட்டிகள் மீண்டும் வளரலாம். கருவுறுவதற்குச் சில மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். சுவரை ஆழமாக வெட்டித் தைத்திருந்தால் பிரசவத்தைச் சிசேரியனாகத் திட்டமிடச் சொல்லலாம். இந்த விவரம் அடங்கிய அறுவைக் குறிப்பின் நகலைப் பத்திரமாக வைத்திருங்கள்.

துளை வழியாகப் பெரிய கட்டியை எடுக்க, அதைத் துண்டாக்க வேண்டியிருக்கும். அரிதாகக் கட்டிக்குள் புற்றுநோய் மறைந்திருந்தால், துண்டாக்கும்போது அது வயிற்றுக்குள் பரவக்கூடும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2014ஆம் ஆண்டு எச்சரித்தது. ஆகவே ‘கட்டியை எப்படி வெளியே எடுப்பீர்கள், ஒரு பைக்குள் வைத்துத் துண்டாக்குவீர்களா?’ என்று கேட்பது உங்கள் உரிமை.

கர்ப்பப்பையை அகற்றுவது ஒன்றே நார்க்கட்டிக்கு முற்றான தீர்வு. வேறு வழிகளை முயன்று பலன் கிட்டாதவர்களுக்கும், குழந்தைப்பேறு போதும் என்று உறுதியாக இருப்பவர்களுக்கும், ஆண்டுக்கணக்கில் ரத்தம் இழந்து தளர்ந்தவர்களுக்கும் அது பெரும் விடுதலையாக அமைகிறது. நான் அதற்கு எதிரியல்ல. ‘பிள்ளைகள்தான் பிறந்துவிட்டார்களே, இனி அது எதற்கு?’ என்று அக்காவோ மாமியாரோ சொன்னார் என்பதற்காக மட்டும் அதற்கு ஒப்புக்கொள்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அதேபோல, கர்ப்பப்பை போனால் பெண்மையே போய்விடும் என்ற பயமுறுத்தலும் தவறானது. காயம் ஆறியபின் தாம்பத்திய வாழ்வு பொதுவாகப் பாதிக்கப்படுவதில்லை. வலியும் ரத்தப்போக்கும் நீங்குவதால் மேம்படுவதும் உண்டு.

இதில் தெளிவாகக் கேட்க வேண்டியது சினைப்பைகளைப் பற்றியே. நார்க்கட்டிக்காக மட்டும் அறுவை செய்யும்போது, மாதவிடாய் நிற்காத பெண்ணின் ஆரோக்கியமான சினைப்பைகளைப் பொதுவாக அப்படியே விடுவார்கள். அவற்றையும் எடுத்தால் மாதவிடாய் நின்றபின் வரும் மாற்றங்கள் ஒரே நாளில் தொடங்கிவிடும், எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம். சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கக் கருக்குழாய்களை மட்டும் அகற்றலாமா என்றும், கருப்பை வாயை விட்டுவைப்பார்களா என்றும் கேளுங்கள். கருப்பை வாய் இருந்தால், அங்கு புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸைக் கண்டறியும் எச்பிவி பரிசோதனையைத் தொடர்ந்து செய்ய வேண்டும். சிங்கப்பூரில் அறுவைக்கு ஒப்புதல் தருபவர் நோயாளியே. கணவரோடு கலந்து பேசுவது நல்லது, முடிவு உங்களுடையது.

ஆறாம் படி: செலவை முன்பே கணக்கிடுங்கள்

அறுவைக்குத் தேதி குறிக்கும் முன் மருத்துவமனையில் நிதி ஆலோசனை கேட்டு, எதிர்பார்க்கும் மொத்தக் கட்டணத்தை எழுத்தில் வாங்குங்கள். பொது மருத்துவமனைகளில் பி2, சி வகுப்புப் படுக்கைகளுக்கே பெரும் சலுகை உண்டு. ஏ வகுப்புக்குச் சலுகை இல்லை. மருத்துவர் ஒருவரே, அறுவை ஒன்றே என்றாலும் வகுப்பைப் பொறுத்துக் கட்டணம் பலமடங்கு மாறலாம். சுகாதார அமைச்சின் இணையத்தளத்தில் மருத்துவமனைக் கட்டணங்களும் கட்டண அளவுகோல்களும் வெளியிடப்படுவதால், தனியார் மருத்துவமனை சொல்லும் தொகையை அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைத் தேசிய மருத்துவக் காப்புறுதிக்குத் தகுதி பெறுகின்றனர். கட்டி முன்பே இருந்தது என்பதற்காக அது மறுக்கப்படுவதில்லை. மீதத் தொகைக்கு மத்திய சேம நிதியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவ் பணத்தை வரம்புக்கு உட்பட்டுப் பயன்படுத்தலாம். கணவர், பெற்றோர், பிள்ளைகள் ஆகியோரின் கணக்கிலிருந்தும் எடுக்கலாம். தனியார் காப்புறுதி நிறுவனங்கள் வழங்கும் ஒருங்கிணைந்த ஷீல்டு திட்டங்களின் கூடுதல் பகுதி வேறு வகை: கட்டி கண்டுபிடிக்கப்பட்ட பின் புதிதாக வாங்கினால் அதை விலக்கிவிடலாம். ஆகவே ஏற்கெனவே வைத்திருக்கும் திட்டத்தை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். சலுகைக்கும் காப்புறுதிக்கும் பிறகும் செலுத்த இயலாவிட்டால் மருத்துவச் சமூகப் பணியாளரைச் சந்தித்து மெடிஃபண்ட் உதவி பற்றிக் கேளுங்கள். பணத்துக்காகச் சிகிச்சையைக் கைவிடுவதற்கு முன் இந்தக் கதவைத் தட்டியாக வேண்டும்.

வேலை அனுமதிச் சீட்டிலும் எஸ் பாஸிலும் பணிபுரிவோருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்திருக்க வேண்டும். 2023 ஜூலை 1 முதல் அதன் ஆண்டு வரம்பு குறைந்தது 60,000 வெள்ளி. மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சையும் பகல்நேர அறுவையும் அதில் அடங்கும். இல்லப் பணிப்பெண்களும் இதில் சேர்ந்தவர்களே. அவர்களின் மருத்துவச் செலவு முதலாளியின் பொறுப்பு. வீட்டில் பணிபுரியும் பெண் மாதந்தோறும் சோர்ந்து படுப்பதைக் கண்டால், அவரைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். எம்ப்ளாய்மென்ட் பாஸ் உடையவர்களுக்கும் குடும்பச் சார்பு அனுமதியில் வந்த மனைவியருக்கும் இந்தக் கட்டாயம் பொருந்தாது. நிறுவனத்தின் குழுக் காப்புறுதி எதை உள்ளடக்குகிறது என்பதைப் படித்துப் பாருங்கள்.

விடுப்பைப் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். வேலைநியமனச் சட்டத்தின்கீழ் வருபவர்கள் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் பணியாற்றியிருந்தால், சாதாரண மருத்துவ விடுப்பு 14 நாளையும் சேர்த்து, மருத்துவமனை விடுப்பாக ஆண்டுக்கு 60 நாள் வரை ஊதியத்தோடு பெறலாம்.

ஏழாம் படி: அறுவைக்குப் பிறகும் ஊர்ப் பயணமும்

வயிற்றைத் திறந்து செய்த அறுவைக்குப் பின் முழுமையாகத் தேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். துளை வழி அறுவைக்கு இரண்டு முதல் நான்கு வாரம். இந்தக் காலத்தில் 10 கிலோ அரிசிப் பையைத் தூக்குவது, ஈர மாவுக் கிரைண்டரை நகர்த்துவது, குழந்தையை இடுப்பில் வைப்பது ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். வீட்டு வேலையை யார் பார்ப்பார்கள் என்பதை அறுவைக்கு முன்பே குடும்பத்தோடு பேசி முடிவு செய்யுங்கள். படுத்தே கிடப்பதும் நல்லதன்று. கால்களில் ரத்தம் உறையாமலிருக்க முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் சிறிது சிறிதாக நடக்க வேண்டும்.

சென்னைக்கோ திருச்சிக்கோ சென்று அறுவை செய்துகொள்ளலாம் என்று எண்ணுபவர்கள், செலவை ஒப்பிடும்போது பயணம், தங்குமிடம், திரும்பிய பின் வரக்கூடிய சிக்கல்களுக்கான செலவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். மெடிசேவை வெளிநாட்டில் பயன்படுத்துவதற்கு நிபந்தனைகள் உண்டு என்பதால் முன்பே விசாரியுங்கள். ஊரில் அம்மாவின் கவனிப்பு கிடைப்பது பெரிய ஆறுதல்தான். ஆயினும் விடுப்பு முடிகிறது என்று தையல் ஆறும் முன் விமானம் ஏறாமல், மருத்துவர் அனுமதித்த பின்னரே பயணம் செய்யுங்கள். திரும்பும்போது அறுவைக் குறிப்பு, ஸ்கேன் படங்கள், எடுத்த திசுவின் ஆய்வக அறிக்கை ஆகிய மூன்றையும் கையோடு கொண்டுவாருங்கள். இங்குள்ள மருத்துவர் பின்னாளில் எதைப் பார்த்தாலும் இவற்றைத்தான் முதலில் கேட்பார்.

மூலிகைக் கஷாயங்களும் கட்டியைக் கரைப்பதாக விற்கப்படும் மருந்துகளும் நார்க்கட்டியைக் கரைக்கும் என்பதற்கு நம்பத்தகுந்த சான்று இல்லை. அவற்றை எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காதீர்கள். சில மூலிகைகள் கல்லீரலைப் பாதிப்பதாலும், சில ரத்தம் உறைவதைத் தடுப்பதாலும் அறுவைக்கு முன் மயக்க மருத்துவர் அதை அறிந்திருக்க வேண்டும்.

எந்தச் சிகிச்சையைப் பெற்றாலும் சில மாதங்கள் கழித்து ஹீமோகுளோபினையும் ஃபெரிட்டினையும் மீண்டும் பார்த்து, இரும்பு மாத்திரையை எப்போது நிறுத்தலாம் என்று கேளுங்கள். கர்ப்பப்பை இருக்கும் வரை, உதிரப்போக்கு மறுபடி கூடினால் குறிப்பேட்டைத் திரும்பத் தொடங்கிப் பலதுறை மருந்தகத்துக்குச் செல்லலாம். மாதவிடாய் நின்று ஓராண்டு கடந்த பின் ஒரு துளி ரத்தம் வந்தாலும், சுருங்க வேண்டிய கட்டி வளர்வதாக ஸ்கேன் காட்டினாலும், பழைய நார்க்கட்டிதான் என்று இருந்துவிடாமல் அதே வாரத்தில் மருத்துவரைப் பாருங்கள்.